வக்கீல் குமாஸ்தாவின் நாட்கணக்கு

பாராலீகல் (வக்கீல் அல்லாத சட்ட உதவியாளர்) என்ற சொல் நம் மாவட்ட கோர்ட் வளாகங்களில் அதிகம் புழங்குவதில்லை. பெரிய சட்ட நிறுவனங்களின் வேலை விளம்பரங்களில் அதைப் பார்க்கலாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் 'பாரா லீகல் வாலன்டியர்' என்று சட்டத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். 2009-இல் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு (நால்சா) கொண்டுவந்த திட்டம் அது. இலவச சட்ட உதவி கிடைக்கும் என்பதே தெரியாத மக்களுக்கும் ஆணைக்குழுவுக்கும் நடுவே நின்று வழிகாட்டுவது அவர்கள் வேலை. ஆனால் ஒரு பிராதை (வழக்கு மனுவை) தாக்கல் செய்து, அதற்கு வழக்கு நம்பர் வாங்கி, பேட்டா (சம்மன் அனுப்பும் கட்டணம்) கட்டி, தீர்ப்பு நகல் கைக்கு வரும்வரை ஒரு வழக்கைத் தூக்கிச் சுமப்பவர் வக்கீல் குமாஸ்தா. தமிழ்நாட்டில் பாராலீகல் வேலை என்றால் முதலில் பேச வேண்டியது அவரைப் பற்றித்தான்.

குமாஸ்தா என்றால் கட்டுத் தூக்குபவர், ஃபைலிங் கவுன்டரில் வரிசையில் நிற்பவர் என்றே பலரும் நினைக்கிறார்கள். புதிதாகத் தொழிலுக்கு வரும் ஜூனியர்களிலும் இப்படி நினைப்பவர்கள் உண்டு. அவருடைய உண்மையான வேலை நாட்களை எண்ணுவது. சட்டத்தை வக்கீல் பார்த்துக்கொள்வார். எந்தக் காகிதம் எந்தத் தேதிக்குள் எந்த மேசையில் இருக்க வேண்டும் என்பதைப் பார்க்க வேண்டியவர் குமாஸ்தா. வாதத்தில் தோற்ற வழக்குக்கு அப்பீல் உண்டு. கெடு தப்பிய அப்பீலுக்கு முதலில் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போட வேண்டும். அந்த மனு தள்ளுபடியானால் வழக்கின் உள்ளே நுழையவே முடியாது.

தாக்கலிலிருந்து தொடங்குகிறேன். பிராது, ஆவணப் பட்டியல், ஆவணங்கள், வக்காலத்து (வக்கீலை நியமிக்கும் பத்திரம்), கோர்ட் ஃபீ, பிரதிவாதிகளுக்கான நகல்கள், முகவரி விவரம், பேட்டா மெமோ எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு கட்டு. ரிட்டர்ன் ஆகாமல், அதாவது குறை சொல்லித் திருப்பப்படாமல், முதல் தடவையே நம்பர் ஆகும் பிராது அபூர்வம். ஏன் ரிட்டர்ன் ஆகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் சட்டச் சிக்கல் இருக்காது. சொத்து விவரத்தில் சர்வே எண் ஒன்று, இணைத்த பட்டாவில் உட்பிரிவு வேறொன்று. வழக்கு மூலம் (வழக்குப் போட உரிமை தரும் காரணம்) எந்தத் தேதியில் எழுந்தது என்று பத்தியில் இல்லை. படிக்க முடியாத பழைய கிரயப் பத்திரத்துக்கு டைப் செய்த நகல் வைக்கவில்லை. வக்காலத்தில் கட்சிக்காரர் கையெழுத்து இருக்கிறது, வக்கீல் ஏற்றுக்கொண்ட கையெழுத்து இல்லை, அல்லது சேமநல நிதி வில்லை ஒட்டவில்லை. இன்னொன்று, கண்ணுக்குச் சட்டென்று தட்டுப்படாதது: பிராதில் ஒரு தேதி, அதன் சரிபார்ப்புப் பத்தியில் அதற்கு முந்தைய தேதி. எழுதுவதற்கு முன்பே சரிபார்த்ததாக ஆகிவிடும்.

நல்ல குமாஸ்தா தாக்கலுக்கு முந்தின நாள் மாலையே செக்ஷன் கிளார்க்கின் கண்ணோடு கட்டைப் படித்துவிடுவார். பிராதில் சொல்லப்படும் ஒவ்வொரு ஆவணமும் பட்டியலில் இருக்கிறதா, பட்டியலில் உள்ள தேதியும் ஆவணத்தில் உள்ள தேதியும் ஒன்றா, ஒரிஜினலா நகலா என்று எழுதியிருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பார். 20 ஆவணம் உள்ள கட்டுக்கு இதற்கு அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தப் போய் இரண்டு வாரம் இழப்பதுதான் வழக்கமாக நடக்கிறது.

கோர்ட் ஃபீ கணக்கும் குமாஸ்தாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கான சட்டம் 1955-ஆம் ஆண்டினுடையது. பண வசூல் வழக்குகளில் வழக்கு மதிப்பின் மீதான கட்டணம் முன்பு 7.5 சதவீதம், 2017 முதல் 3 சதவீதம். 5 லட்சம் ரூபாய் புரோநோட்டு வழக்கென்றால் அசலோடு தாக்கல் தேதி வரையான வட்டியையும் கூட்டி, அந்த மொத்தத்துக்கு 3 சதவீதம். இங்கேதான் பிழை வரும். பிராது டைப் செய்த நாளுக்கு வட்டி போட்டுவைத்து, தாக்கல் பத்து நாள் தள்ளிப்போனால், வட்டியும் மாறும், மதிப்பும் மாறும், கட்டணமும் மாறும். வட்டிக் கணக்குப் பத்தியைத் தாக்கல் நாளன்று கடைசியாக நிரப்புங்கள்.

ரிட்டர்ன் ஆன கட்டை என்ன செய்ய வேண்டும்? ரிட்டர்னில் ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே அதே வரிசையில் பதில் எழுதி, வக்கீலின் கையெழுத்தோடு, கொடுத்த கெடுவுக்குள் ரீபிரசன்ட் (மறுதாக்கல்) செய்ய வேண்டும். நான்கு குறையில் மூன்றைச் சரிசெய்து, நான்காவதை 'கவுன்டரில் பேசிக்கொள்ளலாம்' என்று விட்டால் கட்டு மறுபடி திரும்பி வரும். கெடு தாண்டினால் ரீபிரசன்ட் செய்வதில் ஏற்பட்ட தாமதத்துக்குத் தனி மனு வேண்டும். இந்தத் தாமதமும் முதல் தாக்கலில் ஏற்படும் காலாவதித் தாமதமும் ஒன்றல்ல. கோர்ட்டுகள் முன்னதைச் சற்று இளகிய மனத்தோடு பார்க்கும். அந்த இளக்கத்தை நம்பி ரிட்டர்ன் கட்டுகளை அலமாரியில் அடுக்கி வைக்கக் கூடாது. ரிட்டர்ன் ஆனவற்றுக்குத் தனி நோட்டு வேண்டும்: வாங்கிய தேதி, கெடு, என்ன குறை, யாரிடமிருந்து என்ன வர வேண்டும். அந்த நோட்டு இல்லாத ஆபீசில் ஏதாவது ஒரு கட்டு உறங்கிக்கொண்டிருக்கும்.

நம்பர் ஆன பிறகு பேட்டா. தொகை சிறியதுதான், ஆனால் அதைக் கட்டாததால் சம்மன் போகவில்லை என்றால் சிவில் நடைமுறைச் சட்டம் 9-ஆம் கட்டளை 2-ஆம் விதிப்படி வழக்கையே தள்ளுபடி செய்யலாம். சம்மன் 'வீடு பூட்டப்பட்டிருந்தது', 'அந்த விலாசத்தில் இல்லை' என்று திரும்பி வந்தால், புதிய சம்மனுக்கு 7 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று அதே கட்டளையின் 5-ஆம் விதி சொல்கிறது. முன்பு இது ஒரு மாதமாக இருந்தது. பழைய பழக்கத்தில் இன்றும் ஒரு மாதம் என்று நினைத்திருப்பவர்கள் உண்டு. அமீனா (சம்மன் கொண்டுபோகும் கோர்ட் ஊழியர்) என்ன எழுதித் திருப்பியிருக்கிறார் என்பதை அடுத்த வாய்தாவரை காத்திராமல் பார்த்துவிட வேண்டும்.

பிரதிவாதி பக்கம் கட்டு வந்தால் எண்ண வேண்டியது எதிருரைக்கான நாள், அதாவது பிராதுக்குப் பிரதிவாதி எழுத்தில் தரும் பதிலுக்கான நாள். சம்மன் கிடைத்த நாளிலிருந்து 30 நாள், காரணம் காட்டினால் 90 நாள் வரை. சாதாரண சிவில் வழக்கில் 90 தாண்டியும் கோர்ட் மனம் வைத்து ஏற்கக்கூடும். வணிக வழக்கில் 120 நாளோடு கதவு மூடிவிடும், அதன் பிறகு எதிருரை போடும் உரிமையே போய்விடும். எனவே கட்டு கைக்கு வந்ததும் அட்டையில் எழுத வேண்டிய முதல் விஷயம், சம்மன் எந்தத் தேதியில், யார் கையில் கிடைத்தது என்பது. கட்சிக்காரர் 'போன வாரம்தான் வந்தது' என்பார். உறையையும் சம்மனையும் கையில் வாங்கிப் பாருங்கள்.

இனி தீர்ப்பு நகல். குமாஸ்தாவின் திறமை முழுவதும் தெரிவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாவட்ட கோர்ட்டுக்கு அப்பீல் போக 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். காலவரையறைச் சட்டம் 1963, 12-ஆம் பிரிவுப்படி தீர்ப்பு நாளையும், நகல் வாங்கத் தேவைப்பட்ட காலத்தையும் கழித்துக்கொள்ளலாம். 'தேவைப்பட்ட காலம்' என்பதுதான் முக்கியம். கோர்ட் எடுத்துக்கொண்ட நாள் கழியும், நாம் தூங்கிய நாள் கழியாது. சான்றிட்ட நகலின் கடைசிப் பக்கத்தில் தேதிகள் வரிசையாக இருக்கும்: விண்ணப்பித்த நாள், நகல் செலவுக்கு ஸ்டாம்ப் கேட்ட நாள், ஸ்டாம்ப் கட்டிய நாள், நகல் தயாரான நாள், கொடுத்த நாள். மேல் கோர்ட்டில் முதலில் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தீர்ப்பு ஜூன் 3. கெடு 30 நாள், அதாவது ஜூலை 3. நகல் மனு ஜூன் 10-இல் போட்டாயிற்று. ஸ்டாம்ப் கேட்டு நோட்டீஸ் போர்டில் போட்டது ஜூன் 24. கட்டியது ஜூன் 30. நகல் தயாரானது ஜூலை 9. குமாஸ்தா போய் வாங்கியது ஜூலை 21. கழிக்கக்கூடியது ஜூன் 10 முதல் 24 வரை 15 நாள், ஜூன் 30 முதல் ஜூலை 9 வரை 10 நாள், ஆக 25. ஜூலை 3-உடன் 25 நாளைக் கூட்டினால் ஜூலை 28. ஜூன் 25 முதல் 29 வரையான 5 நாளை நம்முடைய தாமதம் என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுவதுதான் பாதுகாப்பு. தயாராகிக் கிடந்த நகலை வாங்காமல் விட்ட 12 நாளும் கழியாது. ஜூலை 21-இல் நகலைக் கொண்டுவந்து சீனியர் மேசையில் வைக்கும்போது, அப்பீல் தயாரிக்க மிச்சம் இருப்பது ஒரே ஒரு வாரம். 'நகல் நேற்றுத்தானே வந்தது, இன்னும் 30 நாள் இருக்கிறது' என்று கட்சிக்காரரிடம் யாராவது சொல்லியிருந்தால் அந்த அப்பீல் போயிற்று.

இதில் இன்னொரு பள்ளம் உண்டு. தீர்ப்பு சொல்லியாயிற்று, தீர்ப்பாணை (தீர்ப்பின் முடிவைச் சொல்லும் முறையான ஆணை) இன்னும் எழுதி முடியவில்லை, முடிந்ததும் நகல் மனு போடலாம் என்று காத்திருப்பார்கள். 12-ஆம் பிரிவின் விளக்கம் தெளிவாகச் சொல்கிறது: நகலுக்கு விண்ணப்பிக்கும் முன் தீர்ப்பாணை தயாரிக்க கோர்ட் எடுத்துக்கொண்ட காலம் கழியாது. தீர்ப்பு சொன்ன அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாள், நகல் மனுவைப் போட்டுவிடுங்கள். அப்பீல் போகும் எண்ணமே இல்லாத வழக்கிலும் போடுங்கள். கட்சிக்காரர் மனம் மாறுவது வழக்கமாக 25-ஆவது நாளில்தான். கெடு முடிந்த பிறகு போட்ட நகல் மனுவால் ஒரு நாள்கூடக் கழியாது.

மனு போட்டதோடு வேலை முடிவதில்லை. நகல் பிரிவின் போர்டைத் தினமும் பார்க்க வேண்டும். ஸ்டாம்ப் கேட்டிருப்பதைக் கவனிக்காமல் விட்டால் மனுவைத் தள்ளிவிடுவார்கள், மறுபடி முதலிலிருந்து.

செக் கேஸில் எண்ணிக்கை இன்னும் நுணுக்கமானது, ஏனென்றால் அடுத்தடுத்து நான்கு கெடுகள். காசோலையை அதன் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பியதாக வங்கியிடமிருந்து தகவல் வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் காசோலை கொடுத்தவருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து பணம் கொடுக்க 15 நாள். அது கழிந்தபின் ஒரு மாதத்துக்குள் புகார். கவனியுங்கள், நோட்டீஸுக்கு 30 நாள், புகாருக்கு ஒரு மாதம். இரண்டும் ஒன்றல்ல.

மார்ச் 24-இல் நோட்டீஸ் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அந்த நாளை விட்டுவிட்டு எண்ணினால் 15-ஆவது நாள் ஏப்ரல் 8. வழக்கு மூலம் எழுவது ஏப்ரல் 9. அந்த நாளையும் விட்டுவிட்டு ஒரு மாதம் எண்ணினால் மே 9 கடைசி நாள். ஏப்ரல் 9-க்கு முன்பே அவசரப்பட்டுத் தாக்கல் செய்தால் அது புகாரே இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொல்லிவிட்டது. மே 9-ஐப் பார்த்ததும் 'மே மாதம் கோர்ட் லீவு, ஜூனில் திறந்ததும் போடலாம்' என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. கோடை விடுமுறை சிவில் கோர்ட்டுக்குத்தான். செக் கேஸ் போகும் மாஜிஸ்திரேட் கோர்ட் மே மாதமும் நடக்கும். கோர்ட் மூடியிருந்தால் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம் என்ற காலவரையறைச் சட்டம் 4-ஆம் பிரிவின் சலுகை, திறந்திருக்கும் கோர்ட்டுக்கு எப்படிப் பொருந்தும்?

நோட்டீஸில் கேட்கும் தொகை காசோலைத் தொகையோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும். வட்டி, செலவு கேட்பதானால் தனித்தனியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். காசோலைத் தொகையையே தவறாக எழுதிவிட்டு டைப்பிங் பிழை என்று விளக்கம் சொல்வதை உச்ச நீதிமன்றம் 2025-இல் ஏற்கவில்லை. டைப் செய்வது பெரும்பாலும் குமாஸ்தா என்பதால் இதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். பழைய நோட்டீஸை நகலெடுத்து எண்களை மட்டும் மாற்றும் பழக்கத்தில்தான் இந்தப் பிழை நுழைகிறது. தபாலிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது: 2025-இல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. ரசீதை அன்றே நகலெடுத்து வையுங்கள், தபால் ரசீதின் மை சில மாதங்களில் மங்கிவிடும். ஆன்லைன் டிராக்கிங் பக்கத்தையும் பட்டுவாடா ஆன வாரமே அச்செடுத்துவிடுங்கள். பிறகு தேடினால் கிடைக்காது.

இடைக்காலத் தடையுத்தரவு வாங்கிய நாள் ஆபீசில் எல்லோரும் மகிழ்ச்சியாக இருப்பார்கள். குமாஸ்தாவுக்கு அன்று மாலைதான் வேலை. எதிர்த்தரப்புக்கு முன்னறிவிப்பு இல்லாமல் தடை கிடைத்திருந்தால், சிவில் நடைமுறைச் சட்டம் 39-ஆம் கட்டளை 3-ஆம் விதிப்படி மனு, அபிடவிட் (பிரமாண வாக்குமூலம்), பிராது, ஆவணங்கள் எல்லாவற்றின் நகலையும் உடனே அனுப்ப வேண்டும். அனுப்பியதாக அன்றே அல்லது மறுநாளே கோர்ட்டில் அபிடவிட் போட வேண்டும். மறுநாள் என்றால் மறுநாள்தான். இதைச் செய்யாமல் விட்டால், தடையை நீக்கக் கேட்டு வருபவருக்கு நாமே ஆயுதம் கொடுத்த மாதிரி. அதனால் தடை கேட்டுத் தாக்கல் செய்யும்போதே எதிர்த்தரப்புக்கான செட்டுகளையும், விலாசம் எழுதிய உறைகளையும் தயாராக வைத்திருக்க வேண்டும்.

கேவியட்டுக்கு (எங்களைக் கேட்காமல் உத்தரவு போட வேண்டாம் என்று முன்கூட்டியே போடும் மனு) ஆயுள் 90 நாள், முடியும் முன்பே புதிதாகப் போட வேண்டும். திருத்த மனு அனுமதியானால், உத்தரவில் கெடு சொல்லாவிட்டால் 14 நாளுக்குள் பிராதில் திருத்தத்தை ஏற்ற வேண்டும். அனுமதி கிடைத்ததோடு வேலை முடிந்ததாக நினைத்து, விசாரணை நாளில்தான் பழைய பிராதே இருப்பதைக் கண்டு திகைக்கிறார்கள். கட்சிக்காரர் இறந்துபோனால் வாரிசுகளைச் சேர்க்க இறந்த தேதியிலிருந்து 90 நாள். அது தவறினால் வழக்கு அற்றுப்போகும், அதை நீக்கக் கேட்க மேலும் 60 நாள். வாரிசுச் சான்று தாலுகா ஆபீசிலிருந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இறப்புச் சான்றும் வாரிசுகளின் பெயர் விவரமும் கிடைத்தால் மனுவைப் போட்டுவிடலாம், சான்றைப் பின்னால் தாக்கல் செய்துகொள்ளலாம்.

மாலை நேர டைரி வேலையை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அன்று நடந்த ஒவ்வொரு வழக்குக்கும் அடுத்த வாய்தாவும், எதற்காகப் போட்டிருக்கிறது என்பதும் டைரியிலும் கட்டின் அட்டையிலும் ஏற வேண்டும். தேதி மட்டும் போதாது. 'பேட்டாவுக்கு', 'எதிருரைக்கு', 'வாதி சாட்சிக்கு' என்று நிலையும் வேண்டும். நிலை தெரியாமல் தேதி மட்டும் இருந்தால் கட்சிக்காரரை வரச் சொல்ல வேண்டுமா என்பதே தெரியாது. இ-கோர்ட்ஸ் செயலியில் எழுத்தும் எண்ணும் கலந்து 16 இடம் கொண்ட சி.என்.ஆர். எண்ணை (வழக்கின் தனி அடையாள எண்) போட்டால் அடுத்த தேதி வந்துவிடுகிறது, நல்ல வசதி. ஆனாலும் கோர்ட் ஹாலில் காதால் கேட்டதையும் செயலியில் வந்ததையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறுபட்டால் மறுநாள் காலையிலேயே பெஞ்ச் கிளார்க்கிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். எக்ஸ்பார்ட்டி தீர்ப்புகளில் (ஒரு தரப்பு வராததால் அது இல்லாமலே சொல்லும் தீர்ப்புகள்) எத்தனையோ இந்த ஒரு சிறு வேறுபாட்டிலிருந்து வந்தவைதான். அப்படிப்பட்ட தீர்ப்பை நீக்கக் கேட்கவும் 30 நாள்தான் கெடு.

குமாஸ்தா செய்யக் கூடாதவையும் உண்டு. கட்சிக்காரருக்குச் சட்ட ஆலோசனை சொல்வது, வக்கீலுக்குப் பதில் தானே கையெழுத்துப் போடுவது, கோர்ட்டில் எழுந்து வாதாடுவது எல்லாம் எல்லை மீறல். வக்கீலாகப் பதிவு செய்யாதவர் வக்கீல் தொழில் நடத்தினால் 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் 45-ஆம் பிரிவின்கீழ் 6 மாதம் வரை சிறைத் தண்டனை. இ-ஃபைலிங் வந்தபின் புதிதாக ஒரு பழக்கம் சேர்ந்திருக்கிறது: வக்கீலின் லாகின், பாஸ்வேர்டு, ஓ.டி.பி. வரும் போன் எல்லாமே குமாஸ்தா கையில். தாக்கலாவது வக்கீல் பெயரில் என்பதால், ஸ்கேன் செய்து ஏற்றுவது குமாஸ்தாவாக இருந்தாலும் கடைசி பட்டனை அழுத்தும் முன் வக்கீல் ஒருமுறை திறந்து படித்தாக வேண்டும்.

ரகசியம் காப்பதைச் சட்டமே குமாஸ்தாவின் மீதும் வைத்திருக்கிறது. கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதை வெளியிடக் கூடாது என்ற விதி வக்கீலின் குமாஸ்தாவுக்கும் பொருந்தும். முன்பு சாட்சியச் சட்டம் 127-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியம் 132-ஆம் பிரிவு. கோர்ட் கேன்டீனில் எதிர்த்தரப்பு குமாஸ்தாவோடு டீ குடிக்கும்போது நினைவில் இருக்க வேண்டிய பிரிவு அது.

இவ்வளவு பொறுப்பு சுமக்கும் வேலைக்கு முறையான பயிற்சி இல்லை. தமிழ்நாட்டில் வழக்கறிஞர் குமாஸ்தாக்களுக்கு 1999-ஆம் ஆண்டிலிருந்து சேமநல நிதிச் சட்டம் இருக்கிறது, அது நல்லது. ஆனால் 12-ஆம் பிரிவைக் கணக்குப் போடச் சொல்லித்தருவதற்கு இடம் கிடையாது. மூத்த குமாஸ்தாவின் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்க வேண்டும், அவரும் ஓய்வு பெற்றால் அந்த அறிவு அவரோடு போய்விடுகிறது. இந்த நிலை எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

உங்கள் ஆபீசுக்குப் புதிதாக ஒருவர் சேர்ந்திருந்தால், முதல் வாரமே ஃபைலிங் கவுன்டருக்கு ஓட விடாதீர்கள். கடந்த ஓராண்டில் ரிட்டர்ன் ஆன கட்டுகளில் 20 எடுத்துக் கொடுத்து, ஒவ்வொன்றும் ஏன் திரும்பியது என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த வாரம் பழைய தீர்ப்பு நகல்கள் 10 கொடுங்கள். கடைசிப் பக்கத் தேதிகளை மட்டும் வைத்துக்கொண்டு அப்பீலுக்குக் கடைசி நாள் எது என்று கண்டுபிடிக்கட்டும். பத்தும் சரியாக வந்த பிறகு டைரியை அவர் கையில் கொடுக்கலாம்.